நிறைந்த வயிறும் அடங்காத பசியும்

கேள்வி

டாக்டர், நாங்கள் கேமரன் மலையில் உள்ள கம்போங் ராஜாவில், புளூ வேலி தேயிலைத் தோட்டத்துப் பக்கம் லயத்து வீட்டில் இருக்கிறோம். கணவர் காய்கறி லோரி ஓட்டுகிறார். மூன்று மாதத்துக்கு முன் ஒரு மழை நாளில், கோபிஸ் கட்டும் கொட்டகையில் கூடைகளுக்கு அடியில் ஓர் ஆண் பூனை சுருண்டு கிடந்தது. முதுகெலும்பை எண்ணிவிடலாம், அப்படி இருந்தான். காய் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தால் இரண்டரைக் கிலோ. செம்பட்டை நிறம் என்பதால் பிள்ளைகள் செம்பா என்று பேர் வைத்தார்கள். போன மாதம் கருத்தடை செய்துவிட்டோம். வயது இரண்டு இருக்கும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். இப்போது எடை 4.9 கிலோ.

அவன் சாப்பிடும் வேகந்தான் எங்களுக்குக் கவலை. மெல்லுவதே இல்லை, விழுங்குகிறான். கால் மணி நேரத்தில் பாதியை முழு முழு பிஸ்கட்டாகக் கக்குகிறான். கக்கியதையும் தின்னப் போகிறான். ரொட்டிப் பொட்டலத்தைக் கிழிக்கிறான், குப்பைக் கூடையைக் கவிழ்க்கிறான். எங்கள் பழைய பூனை மீனா தட்டில் வாய் வைத்தால் உறுமிக்கொண்டு வந்து அதையும் பிடுங்கிக்கொள்கிறான். விடியற்காலை நாலு மணிக்குக் கணவர் எழுந்தால் போதும், கத்தத் தொடங்கிவிடுவான். ஏதாவது போட்டால்தான் அடங்குவான். மூன்று வேளையும் ஒவ்வொரு கைப்பிடி பிஸ்கட் போடுகிறேன். இரவில் சோற்றில் கெம்போங் மீன் பிசைந்து கொடுக்கிறேன். பக்கத்து வீட்டு அத்தையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் போடுகிறார்.

“பட்டினி கிடந்து வந்த வாயில்லா ஜீவன், வயிறாரப் போடு, குறைத்தால் பாவம்” என்கிறார் மாமியார். இப்படியே விட்டால் நடக்கவே மாட்டான் என்கிறார் கணவர். இது நோயா, பழக்கமா? அவன் மனசு நோகாமல் எப்படிக் குறைப்பது?

— ஒரு வாசகி, கம்போங் ராஜா

பதில்

செம்பா பயந்துபோய்ச் சாப்பிடுகிறான், சகோதரி. அடுத்த வேளை வருமா வராதா என்று தெரியாமல் வாழ்ந்த உயிர் அது. கிடைத்ததைக் கிடைத்த நொடியில் விழுங்கிய பூனைதான் அந்தக் கொட்டகையில் உயிரோடு இருந்திருக்க முடியும். உங்கள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகியும் அவன் உடம்பு அதை மறக்கவில்லை. இந்தப் பயம் இருக்கும்போதே அளவைச் சட்டென்று குறைத்தால் திருட்டும் கத்தலும் கூடும். அளவே பார்க்காமல் போட்டால் உடம்பு கெடும். ஆகவே முதலில் சாப்பாட்டு நேரத்தை நிச்சயமாக்குங்கள். அவன் அதை நம்பத் தொடங்கிய பிறகு அளவுக்குப் போகலாம். இரண்டுக்கும் முன்னால், நோய் ஏதும் இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

தெருவிலிருந்து வந்த பூனையின் தீராப் பசிக்கு நான் முதலில் சந்தேகப்படுவது குடல் பூச்சியை. கருத்தடை செய்தபோது ஒரு மாத்திரை கொடுத்திருக்கலாம், ஆனால் அதோடு முடிவதில்லை. உருண்டைப் புழுவுக்குக் கொடுத்த மருந்தை இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை கொடுக்க வேண்டும். நாடாப்புழுவுக்கு மருந்தே வேறு, பிராசிகுவான்டல் சேர்ந்த மாத்திரையாகக் கேட்டு வாங்குங்கள். வாலுக்கு அடியிலோ அவன் படுக்கும் சாக்கிலோ அரிசிமணி அளவில் வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. தெள்ளுப்பூச்சியை விழுங்கினாலும் வரும், எலியைத் தின்றாலும் வரும். காய்கறிக் கொட்டகையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் திரும்பத் திரும்ப வரும். நாய்க்கு விற்கும் தெள்ளு மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பை உண்டாக்கி உயிரையே எடுத்துவிடும்.

நீரிழிவிலும் தைராய்டுக் கோளாறிலும்கூடப் பூனை ஓயாமல் சாப்பிடும். ஆனால் சாப்பிடச் சாப்பிட மெலியும். செம்பா எடை கூடியிருக்கிறான், வயதும் இரண்டுதான், அதனால் இவை இருக்க வாய்ப்பு குறைவு. தைராய்டு பெரும்பாலும் பத்து வயதை ஒட்டியும் தாண்டியும் வரும் தொல்லை. இருந்தாலும் தண்ணீர் அதிகமாகக் குடிக்கிறானா, மூத்திர மணல் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கட்டியாகிறதா என்று பாருங்கள். தோல் அரிப்புக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதுவும் பசியைக் கிளப்பும். மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நோய் இல்லாமலே பசியைக் கூட்டும் காரணங்கள் இரண்டு உங்கள் வீட்டில் இருக்கின்றன. ஒன்று கருத்தடை. அதற்குப் பிறகு பூனைக்கு வேண்டிய சாப்பாடு ஏறக்குறைய கால் பங்கு குறையும், பசியோ கூடும். போன மாதத்திலிருந்து செம்பா இன்னும் மோசமாகிவிட்டான் என்று தோன்றினால் காரணம் இதுதான். மற்றொன்று கேமரன் மலைக் குளிர். பூனையின் உடம்பு கூடுதலாக எரிபொருள் செலவழிக்காமல் சூடாக இருக்க, சுற்றிலும் 30 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். கம்போங் ராஜாவின் இரவில் அதில் பாதிதான் இருக்கும். மழை ஈரம் வேறு. சிமெண்டுத் தரையில் படுக்கும் பூனை சாப்பிட்டதில் ஒரு பங்கை உடம்பு காய்வதற்கே செலவழிக்கிறது. ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து, பக்கவாட்டில் அவன் நுழையும் அளவுக்கு மட்டும் வாசல் வெட்டி, உள்ளே பழைய கம்பளியைப் போட்டு, தரையில் படாமல் ஒரு பலகைமேல் வையுங்கள். மீனாவுக்குத் தனிப் பெட்டி. இதைப் பெரிய வைத்தியமாக யாரும் சொல்வதில்லை. மலையில் இருப்பவர்களுக்கு நான் முதல் நாளே சொல்லுவேன்.

பட்டினி மனத்தில் என்ன செய்கிறது என்பது மனிதர்களிடமே சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. 1944, 45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். நல்ல குணமும் படிப்பும் உள்ளவர்கள். அவர்கள் தட்டை நக்கினார்கள், உணவைப் பற்றியே பேசினார்கள், மற்றவர் தட்டைப் பார்த்துக் கோபப்பட்டார்கள். சோதனை முடிந்து வேண்டிய அளவு சாப்பாடு கிடைத்த பிறகும் சிலருக்கு வயிறு முட்டியும் பசி தீரவில்லை. வாந்தி எடுக்கும்வரை சாப்பிட்டார்கள். செம்பாவின் உறுமலைக் கேட்டுப் பிள்ளைகள் அவனைக் கெட்ட பூனை என்று சொன்னால் இதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

பூனையிலும் இப்படி ஒன்று பதிவாகியிருக்கிறது. இத்தாலியின் படுவா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் எட்டு மாத சயாமியப் பூனை ஒன்றைப் பற்றி 2012இல் எழுதினார்கள். மேசைமேல் ஏறி மனிதர் தட்டிலிருந்து பிடுங்கும், உணவல்லாததையும் கடிக்கும், இன்னொரு பிராணியின் உணவையும் தின்றுவிடும். இரத்தப் பரிசோதனையில் குறையே இல்லை. அவர்கள் செய்த சிகிச்சை மருந்தை நம்பியது அல்ல. உணவைக் கேட்டு அது செய்யும் ரகளைக்கு வீட்டார் எந்தப் பதிலும் தராமல் இருந்தார்கள், திட்டவும் இல்லை. உணவு இருக்கும் நேரத்தில் அமைதியாக இருக்கப் படிப்படியாகப் பழக்கினார்கள். சாப்பாட்டோடு சம்பந்தமில்லாத வேளையில் அதனோடு விளையாடினார்கள். சில மாதத்தில் பூனை சரியாகிவிட்டது. உங்களுக்கு நான் சொல்லப்போவதும் ஏறக்குறைய அதே வழிதான், லயத்து வீட்டுக்கு ஏற்ற மாதிரி.

ஒரு நாளில் நாலு அல்லது ஐந்து வேளை என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே வேளை போட்டால் பூனைக்கு நிறைவு அதிகம் என்று கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் 2020இல் ஓர் ஆய்வு சொன்னது உண்மைதான். எட்டு ஆரோக்கியமான பூனைகளில் பார்த்தது அது. பட்டினியில் வந்த பூனைக்கு இருபத்து நாலு மணி நேர இடைவெளி என்பது பழைய நாட்களை நினைவூட்டும், அதனால் செம்பாவுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். கணவர் கிளம்பும் நேரம், பிள்ளைகள் பள்ளிக்குப் போன பின், மதியம், விளக்கு வைக்கும் நேரம், படுக்கும் முன் என்று வையுங்கள். தினமும் அதே நேரம், அதே இடம், அதே தட்டு. அவன் கத்துவதற்காக ஐந்து நிமிடம் முந்தவும் வேண்டாம், பாவம் பார்த்து நடுவில் ஒரு பிடி போடவும் வேண்டாம்.

நாலு மணிக் கத்தலுக்குச் சொல்கிறேன். கத்தியதும் போட்டால் கத்தினால் வரும் என்று அவன் கற்றுக்கொள்கிறான். கணவர் எழுந்து, குளித்து, தேநீர் குடித்து, சாவியைக் கையில் எடுத்த பிறகு தட்டை வைக்கட்டும். அதுவரை அவனைப் பார்க்கவோ பேசவோ கூடாது. முதல் வாரம் கத்தல் கூடும். அந்த வாரத்தில் ஒரே ஒரு நாள் மனசு இளகி முந்திப் போட்டால், இன்னும் சத்தமாகக் கத்த வேண்டும் என்று அவனுக்குப் பாடமாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். லயத்தில் சுவர் மெல்லிசு.

முதல் மூன்று வாரம் நேரம் மட்டும் மாறட்டும். பிஸ்கட்டின் அளவில் பெரிதாகக் கை வைக்க வேண்டாம். அடுப்படியில் உங்கள் காலைச் சுற்றாமல் தள்ளிப் படுக்கத் தொடங்கினால், தட்டில் ஓரிரு பிஸ்கட்டை மிச்சம் வைத்துவிட்டு நகர்ந்தால், அவனுக்கு நம்பிக்கை வருகிறது என்று அர்த்தம். அப்போது அளவுக்கு வாருங்கள்.

ஒரு கைப்பிடி பூனை பிஸ்கட் சுமார் 35 கிராம் வரும். 100 கிராம் பிஸ்கட்டில் 350 முதல் 400 கலோரி இருக்கும். நீங்கள் போடும் மூன்று கைப்பிடியே 400 கலோரியை ஒட்டி வருகிறது. மீன் சோறும் அத்தை போடுவதும் தனிக் கணக்கு. உள்ளூர் ஆண் பூனைக்கு 4 முதல் 4.5 கிலோ வரை சரியான எடை. அந்த எடையை நோக்கிக் கொண்டுவர அவனுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 200 கலோரிதான், அதாவது பிஸ்கட் மட்டும் என்றால் 50 முதல் 55 கிராம். கோப்பை, கைப்பிடி எல்லாம் ஏமாற்றும். சமையலறைக்கு வைத்திருக்கும் சிறிய மின் தராசில் காலையில் ஒரே தடவை நிறுத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்து, நாள் முழுக்க அதிலிருந்தே எடுங்கள். இப்போதிருக்கும் அளவிலிருந்து 200 கலோரிக்கு ஒரே நாளில் தாவக் கூடாது. வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டே வாருங்கள்.

என்ன போடுகிறீர்கள் என்பதும் முக்கியம். 2011இல் இங்கிலாந்தின் வால்தம் ஆய்வு மையத்தில் பூனைகளையே தேர்ந்தெடுக்கவிட்டுப் பார்த்தபோது, அவை தம் கலோரியில் சுமார் பாதியைப் புரதத்திலிருந்து எடுத்துக்கொண்டன. மாவுச்சத்தைக் கொஞ்சமாகத்தான் தொட்டன. சோறு அதிகமும் மீன் கொஞ்சமுமாகப் பிசைந்த தட்டு வயிற்றை நிரப்புகிறது, உடம்பு கேட்பதைக் கொடுப்பதில்லை. திரும்பவும் தேடி வருகிறான். ஆகவே சோற்றை இன்றே நிறுத்தலாம், இதற்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம். மீன் கொடுக்க ஆசைப்பட்டால் கெம்போங்கை உப்பு, மஞ்சள், எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, முள் எடுத்து, விரல் அளவுத் துண்டு ஒன்று. வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாமல் அதையும் ஊற்றுங்கள். பூனையின் இதயத்துக்கும் கண்ணுக்கும் அவசியமான டாரின் என்ற சத்து வேகும்போது தண்ணீரில் இறங்கிவிடுகிறது. டாரின் குறைந்த உணவால் பூனையின் இதயம் தளர்ந்து வீங்குகிறது என்பதை 1987இல் கலிபோர்னியாவில் பால் பையன் என்ற கால்நடை மருத்துவர் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் உலகம் முழுக்கப் பூனை உணவில் அதைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். மீனை மட்டுமே போட்டு வளர்க்கவும் கூடாது. குழம்பில் கிடந்த மீன் கூடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுவை உடைக்கும். நெத்திலிக் கருவாடு, டின் சார்டின், பால்டின் மூன்றையும் மறந்துவிடுங்கள்.

இவனுக்கு நான் எழுதித் தரும் சீட்டு: பிஸ்கட் 35 கிராம், 80 கிராம் ஈர உணவுப் பொட்டலம் ஒன்று. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 200 கலோரி. ஈர உணவில் பெரும்பகுதி தண்ணீர், வயிற்றில் இடம் பிடிக்கும். பொட்டலம் கட்டுப்படியாகாவிட்டால் பிஸ்கட் 50 கிராம் போதும். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கொடுங்கள். ஊறியது பருமனாகும், விழுங்கும் வேகமும் குறையும்.

முழு பிஸ்கட்டாகக் கக்குவது பெரும்பாலும் அவசரத்தின் விளைவு. முப்பது முட்டை அடுக்கும் அட்டை பசாரில் கேட்டால் சும்மா கொடுப்பார்கள். குழிக்கு ஒன்றிரண்டு பிஸ்கட் போட்டு வைத்தால் ஒவ்வொரு குழியாக நாக்கை விட்டு எடுக்க வேண்டியிருக்கும். அரை நிமிடத்தில் முடிந்த சாப்பாடு பத்து நிமிடம் போகும். அட்டை நனைந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுங்கள். அட்டையையே கடித்துத் தின்கிறான் என்றால் இது வேண்டாம், அகலமான தட்டில் பரப்பிப் போடுங்கள். உணவை ஒளித்து வைத்துத் தேடவிடும் விளையாட்டுச் சாமான்களை இப்போது வாங்காதீர்கள். சாப்பாடு கிடைக்கும் என்ற நம்பிக்கை வந்த பூனைக்கு அது விளையாட்டு. செம்பாவுக்கு இன்றைக்கு அது சோதனை. இவ்வளவு செய்தும் கக்குவது நிற்கவில்லை என்றால், அல்லது செரித்த உணவோ மஞ்சள் நீரோ வந்தால், அது வேறு விஷயம், மருத்துவர் பார்க்க வேண்டும்.

மீனாவைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவளைப் பற்றிக் கவலையாக இருக்கிறது. இருவரும் ஒரே இடத்தில் சாப்பிடக் கூடாது. மீனாவுக்கு அறையில் கதவைச் சாத்தி, செம்பாவுக்கு அடுப்படியில். கால் மணி நேரம் கழித்து மீனாவின் தட்டை எடுத்துவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். அவளையும் மாதம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். பயத்தில் சாப்பாட்டை விட்டு ஒதுங்கும் பூனை சத்தமில்லாமல் மெலிந்துவிடும்.

உங்கள் மாமியாரிடம் தயவுசெய்து வாதாடாதீர்கள். வாடிய உயிரைப் பார்த்து வயிறாரப் போடச் சொல்வது நல்ல மனசு. செம்பா இன்று உயிரோடு இருப்பதே உங்கள் வீட்டில் அந்த மனசு இருப்பதால்தான். அவரிடம் ஒரு வேளைச் சாப்பாட்டை முழுதாக ஒப்படைத்துவிடுங்கள். விளக்கு வைக்கும் நேரத்துத் தட்டு அவர் பொறுப்பு. மற்ற நேரத்தில் தடவிக் கொடுப்பதும், கயிற்றை இழுத்து விளையாட்டுக் காட்டுவதும் அவருடையது. பூனை மடியில் வந்து உட்காருவதற்கு எப்போதும் தட்டுதான் வேண்டும் என்றில்லை என்பதை அவரே பார்ப்பார். பக்கத்து வீட்டு அத்தைக்குப் போடாதே என்று சொன்னால் மனத்தாங்கல் வரும், ஒளித்தும் போடுவார். அன்றைக்கு நிறுத்து வைத்த பிஸ்கட்டிலிருந்து ஐந்து கிராமை ஒரு சின்ன டப்பாவில் காலையில் அவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் கொடுப்பதும் கணக்குக்குள் வந்துவிடும்.

சரியான எடையைத் தராசு மட்டும் சொல்லாது. உங்கள் கையை நீட்டி, மற்றக் கை விரலால் புறங்கையைத் தடவிப் பாருங்கள். மெல்லிய தோலுக்கு அடியில் எலும்பு தட்டுப்படுகிறதல்லவா, செம்பாவின் விலாவும் விரலுக்கு அப்படித் தட்டுப்பட வேண்டும். உள்ளங்கை மாதிரி மெத்தென்று இருந்தால் கொழுப்பு. முட்டியை மடக்கியது போல் துருத்தினால் மெலிவு. மேலிருந்து பார்க்கும்போது விலாவுக்குப் பின்னால் இடுப்பு சற்று உள்ளே வளைய வேண்டும்.

காய் நிறுக்கும் தராசு வீட்டிலேயே இருப்பது உங்களுக்கு நல்ல வசதி. வாரம் ஒருநாள், காலைச் சாப்பாட்டுக்கு முன், கூடையில் வைத்து நிறுத்துச் சுவர்க் காலண்டரில் எழுதுங்கள். வாரத்துக்கு 25 முதல் 50 கிராம் வரை இறங்கலாம், அதற்கு மேல் வேண்டாம். 4.2 கிலோவுக்கு வர நாலைந்து மாதம் ஆகும். அவசரப்பட்டு ஒருபோதும் பட்டினி போடாதீர்கள். குண்டான பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் உடம்பின் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரலே செயலிழந்துவிடும். இவ்வளவு சாப்பிடும் செம்பா ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் சந்தோஷப்படாமல் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள்.

காய்கறித் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறீர்கள், அதனால் இதையும் சொல்லியாக வேண்டும். நத்தைக்கு வைக்கும் நீலக் குருணையும் எலி மருந்தும் கொட்டகை ஓரங்களில் கிடக்கும். எதைக் கண்டாலும் விழுங்கும் பூனைக்குப் பசியைவிட இதுதான் பெரிய ஆபத்து. எலி மருந்தில் பெரும்பாலானவை இரத்தம் உறைவதைத் தடுப்பவை. தின்ற அன்று ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், மூக்கிலோ மூத்திரத்திலோ இரத்தம் வரும். மருந்து தின்று செத்த எலியைத் தின்றாலும் ஆபத்துதான். நத்தைக் குருணையோ சில மணி நேரத்திலேயே நடுக்கம், வலிப்பு என்று காட்டும். சந்தேகம் வந்த நிமிடமே மருந்துப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இந்த நாலைந்து மாதத்துக்காவது அவனை வீட்டோடு வைத்திருப்பது நல்லது. வெளியே போகாத பூனையின் சாப்பாட்டைத்தான் உங்களால் கணக்கு வைக்கவும் முடியும்.

பரிசோதனைக்கு சிம்பாங் பூலாய் சாலை வழியாக ஈப்போவுக்குத்தான் இறங்குவீர்கள் என்று நினைக்கிறேன். வளைவுச் சாலையில் வயிறு நிறைந்த பூனை நிச்சயம் வாந்தி எடுக்கும். புறப்படுவதற்கு நாலைந்து மணி நேரம் முன்னதாகச் சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள், தண்ணீர் இருக்கட்டும். அன்று காலை போன மலத்தைச் சின்ன டப்பாவில் மூடி எடுத்துப் போங்கள், பூச்சி முட்டையைப் பார்த்துவிடலாம். காலண்டரில் எழுதிய எடையையும், அவன் தின்னும் பிஸ்கட் பையின் பின்பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் வழக்கமான தட்டில், வழக்கமான அளவு வையுங்கள்; காலையில் கொடுக்காததைச் சேர்த்துப் போட வேண்டாம்.